ஒரே பாயில் படுப்பவர்களின் நோய்

சிரங்குக்கு மருந்து எழுதும்போது சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும். அந்தப் பெயருக்குரியவர் இரவில் யார் பக்கத்தில் படுக்கிறார், பகலில் யாருடைய இடுப்பிலும் மடியிலும் இருக்கிறார் என்று கேட்காமல் எழுதப்படும் சீட்டு பெரும்பாலும் வீணாகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பிறகு ஒரு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியதில், இந்த நோயில் திரும்பத் திரும்ப நான் கண்டது இதைத்தான். மருந்து இருக்கிறது, நன்றாக வேலையும் செய்கிறது; ஆனால் அது ஒருவருக்குப் போகிறது, நோயோ ஐந்து பேரிடம் இருக்கிறது.

நெருங்கிப் பழகுவதால் தொற்றும் நோய்கள் பல உண்டு. அவற்றில் சிரங்கைப் போல உடலோடு உடல் ஒட்டியிருப்பதையே பாதையாகக் கொண்டது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இது காற்றில் வருவதில்லை, தண்ணீரில் வருவதில்லை, கொசுவும் ஈயும் சுமந்து வருவதில்லை. சார்கோப்டஸ் ஸ்கேபியை என்ற எட்டுக்கால் சிற்றுயிர் ஒருவர் தோலிலிருந்து இன்னொருவர் தோலுக்கு நடந்து வருகிறது. அதற்குப் பறக்கவோ குதிக்கவோ தெரியாது. பெண் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆண் அதிலும் சிறியது. உடம்புச் சூட்டில் அது நிமிடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் வரை நகரும். ஆகவே வழியில் பார்த்தவரிடம் ஒரு கணம் கை குலுக்கினால் சாதாரணமாக இது தொற்றிவிடாது. தோலும் தோலும் பத்துப் பதினைந்து நிமிடங்களாவது சேர்ந்திருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்திருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள்: தாயும் கைக்குழந்தையும், கணவனும் மனைவியும், ஒரே போர்வைக்குள் படுக்கும் அக்காளும் தங்கையும், பேரனைப் பக்கத்தில் போட்டுத் தூங்கும் பாட்டி, விடுதியில் இடமில்லாமல் நெருக்கியடித்துப் படுக்கும் மாணவர்கள், முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டும் பணிப்பெண். ஒருவரை ஒருவர் அக்கறையோடு தொடும் இடங்களிலெல்லாம் இதற்கு வழி கிடைத்துவிடுகிறது.

ஒட்டிக்கொண்ட பெண் பூச்சி ஒரு மணி நேரத்துக்குள் தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே போய்விடும். அங்கே ஒரு வளையைத் தோண்டிக்கொண்டே நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளாக இட்டு, நான்கு முதல் ஆறு வாரம் வரை வாழும். முட்டைகள் மூன்று நான்கு நாட்களில் பொரிந்து, குஞ்சுகள் வெளியே வந்து வளர்ந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தாமும் முட்டையிடும் நிலைக்கு வருகின்றன. விரல் இடுக்கு, மணிக்கட்டு, முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, அரைஞாண் கயிறோ பாவாடை நாடாவோ அழுத்தும் இடுப்பு வரி, ஆண்களின் பிறப்புறுப்பு, பெண்களின் மார்புக் காம்பைச் சுற்றிய தோல் ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். பெரியவர்களுக்குக் கழுத்துக்கு மேலே பொதுவாக வராது. கைக்குழந்தைகளுக்கோ உள்ளங்கை, உள்ளங்கால், முகம், தலை என்று எங்கும் வரும்.

இந்த வளையைக் கண்ணால் பார்க்க ஒரு பழைய முறை உண்டு. விரல் இடுக்கில் சந்தேகமான ஒரு சிறு மேட்டின் மேல் பேனா மையைத் தடவி, சிறிது பொறுத்து, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிட வேண்டும். மேலே இருந்த மை போய்விடும். வளைக்குள் இறங்கிய மை மட்டும் சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நெளிந்த ஒரு நீலக்கோடாக நிற்கும். அந்தக் கோட்டின் மூடிய முனையை ஊசியால் மெல்லத் திறந்தால், நுனியில் ஒரு வெண்புள்ளி ஒட்டிக்கொண்டு வரும். அதை நுண்ணோக்கியில் வைத்து அந்தக் குழந்தையின் தாயைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கால்கள் அசைவதைக் கண்டதும் "ஐயோ, இதுவா என் பிள்ளையைத் தூங்க விடாம பண்ணுது!" என்று அவர் பின்வாங்கினார். இரத்தம் கெட்டதால் வந்தது, கத்தரிக்காய் தின்றதால் வந்தது என்ற பேச்செல்லாம் அத்தோடு நின்றுபோனது.

அந்தப் பேச்சு நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. இத்தாலியில் ஜொவான்னி கோசிமோ பொனோமோ என்ற மருத்துவரும் தியாசிந்தோ செஸ்தோனி என்ற மருந்தாளரும் 1687ஆம் ஆண்டிலேயே இந்தப் பூச்சியையும் அதன் முட்டையையும் நுண்ணோக்கியில் பார்த்து, நோய்க்குக் காரணம் இதுவே என்று எழுதிவிட்டார்கள். ஏழைப் பெண்கள் தம் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசியால் எதையோ எடுத்துப் போடுவதைக் கவனித்ததுதான் அவர்களுடைய தொடக்கம். படித்த மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. உடம்பின் நீர்கள் கெடுவதே சிரங்கு என்று மேலும் ஒன்றரை நூற்றாண்டு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1834இல் கோர்சிகாவைச் சேர்ந்த ரெனூச்சி என்ற மருத்துவ மாணவர், தம் ஊர்ப் பெண்கள் செய்வதைப் போலவே பாரிஸ் மருத்துவமனையில் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகே வழக்கு முடிந்தது. தாய்மார்களுக்குத் தெரிந்திருந்ததை மருத்துவம் இவ்வளவு தாமதமாக ஏற்றது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

பரவும் வழியைத் துல்லியமாகக் காட்டியவர் கென்னத் மெல்லன்பி என்ற ஆங்கிலேய உயிரியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் படைவீரர்களிடமும் பொதுமக்களிடமும் சிரங்கு பெருகியது. போர்வைகளும் உடைகளும்தான் இதைப் பரப்புகின்றன என்று நம்பி, அவற்றை வெப்பமூட்டித் தூய்மைப்படுத்தும் வேலைக்கு இராணுவம் பெரும் உழைப்பைச் செலவிட்டது. போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடம் தராத இளைஞர்கள் சிலர் ஷெஃபீல்டு நகரில் தாமாக முன்வந்து இந்த ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தார்கள். கடும் சிரங்கு உள்ளவர்கள் எழுந்துபோன சூடு ஆறாத படுக்கையில் அவர்கள் ஆடையின்றிப் படுத்தார்கள். அப்படிச் செய்த 272 முயற்சிகளில் 4 பேருக்கு மட்டுமே நோய் தொற்றியது. படுக்கையும் துணியும் சிறு பங்கே வகிக்கின்றன, உடம்போடு உடம்பு நெருங்கியிருப்பதே முக்கிய வழி என்று இதிலிருந்து தெளிவாயிற்று.

மெல்லன்பி இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தார். உடம்பெல்லாம் சொறிந்து புண்ணாகிக் கிடக்கும் ஒருவரிடம் ஆயிரக்கணக்கில் பூச்சிகள் இருக்கும் என்றுதான் எவரும் நினைப்போம். அவர் கண்ட சராசரியோ, ஒருவருக்கு ஏறத்தாழ 11 பெண் பூச்சிகள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் ஐந்தோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தன. பத்துப் பன்னிரண்டு பூச்சிகள் ஓர் ஆளைப் படுக்கவிடாமல் செய்வதற்குக் காரணம் அவை கடிப்பதல்ல. அவற்றின் எச்சிலுக்கும் கழிவுக்கும் முட்டைக்கும் எதிராக நம் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அந்த அரிப்பு. ஆகவேதான் பூச்சி இல்லாத இடத்திலும் அரிக்கிறது. இரவில் போர்வைக்குள் உடம்பு சூடேறியதும் இன்னும் கடுமையாகிறது.

அந்த ஒவ்வாமை உருவாக நாள் பிடிக்கும். முதன்முறை தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை எதுவுமே தெரியாமல் போகலாம். அந்தக் காலத்தில் அவர் நலமாக நடமாடுகிறார், பிள்ளையைக் கொஞ்சுகிறார், பக்கத்தில் போட்டுத் தூங்குகிறார். பூச்சியையும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். ஏற்கெனவே ஒருமுறை வந்து குணமானவருக்கோ மறுமுறை தொற்றினால் ஓரிரு நாட்களிலேயே அரிப்பு தொடங்கிவிடும். இந்த ஊமைக் காலத்தைப் புரிந்துகொள்ளாத வரை வீட்டில் சிரங்கை ஒழிக்க முடியாது.

ஒரு கிராமத்திலிருந்து ஓர் ஆச்சி தன் பேரனை மறுபடியும் மறுபடியும் அழைத்து வந்துகொண்டிருந்தார். நான்கு வயதுப் பையன். கை விரல்களை விரிக்கவே முடியாத அளவுக்குக் கொப்புளம். மருந்து பூசினால் சில நாட்களில் அடங்குகிறது, அடுத்த மாதம் அப்படியே திரும்புகிறது. வீட்டில் எல்லோரும் பூசிக்கொள்ள வேண்டும் என்றபோது ஆச்சி, "எனக்கு ஒண்ணும் அரிக்கலியே தாயி, எனக்கு எதுக்கு மருந்து?" என்றார். "ராத்திரி இவன் யாருகிட்ட படுப்பான் ஆச்சி?" என்று கேட்டேன். "எங்கிட்டதான். வேற யாருகிட்ட போவான்?" என்று பெருமையோடு சொன்னார். மேலும் விசாரித்ததில், பையனின் தகப்பன் வெளியூரில் ஒரு கட்டடப் பணியிடத்தில் தகரக் கொட்டகையில் பலரோடு தங்கி வேலை பார்க்கிறார், அவ்வப்போது வீட்டுக்கு வந்து போகிறார் என்பது தெரிந்தது. அவருக்கு அரிப்பு வெகுநாளாக இருந்திருக்கிறது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் ஊருக்கு வரும் நாளாகப் பார்த்து, ஆச்சி உட்பட எல்லோரும் ஒரே இரவில் பூசிக்கொண்டபோதுதான் அந்த வீட்டுக்கு விடிவு பிறந்தது.

பெரியவர்கள் விஷயத்தில் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணவன் மனைவிக்கிடையே இது எளிதாகப் பரவும்; மறைவிடத்தில் அரிக்கும் தடிப்புகள் வரும். அதைக் கண்டு ஒருவர் மீது ஒருவர் ஐயம் கொண்டு வீட்டில் பேச்சு முறிந்த நிலையில் வந்தவர்கள் உண்டு. குழந்தையிடமிருந்தோ, முதியவரைப் பராமரிக்கும்போதோ, தங்கிய விடுதியிலோ தொற்றியிருக்கலாம். சிரங்கு யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி ஆகாது. சுத்தத்துக்கும் சாட்சி ஆகாது. தினம் இரண்டு வேளை சோப்புப் போட்டுக் குளிப்பவர் வளைக்குள்ளும் பூச்சி நிம்மதியாகவே இருக்கும். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. இடநெருக்கடியில் வாழ்வோரிடம் இது மிகுந்திருப்பதற்குக் காரணம் அழுக்கல்ல, ஓர் அறையில் ஏழு பேர் படுக்க வேண்டியிருப்பது.

மருந்து பூசும் முறையை நான் எப்போதும் செய்து காட்டியே அனுப்புவேன், ஏனெனில் தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு பொதுவாக முதலில் கொடுக்கப்படுவது. அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் பயனில்லை. கழுத்திலிருந்து கால் விரல் நுனி வரை ஓர் அங்குலம் விடாமல் பூச வேண்டும். விரல் இடுக்குகள், நகங்களின் அடி, தொப்புள் குழி, பிட்டத்தின் மடிப்பு, உள்ளங்கால் ஆகியவற்றைத்தான் மக்கள் மறந்துவிடுகிறார்கள். அரைஞாண் கயிற்றையும் மந்திரித்துக் கட்டிய கயிற்றையும் நகர்த்தி அதன் அடியிலும் பூச வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். கைக்குழந்தைக்கு, மருத்துவர் சொல்லும் முறைப்படி, கண்ணையும் வாயையும் தவிர்த்துத் தலையிலும் முகத்திலும் கூடப் பூச வேண்டும். விரல் சூப்பும் பிள்ளையாக இருந்தால் கைக்குத் துணியுறை போட்டுவிடலாம். இரவு பூசி எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். நடுவில் தாய் எழுந்து பாத்திரம் கழுவினால் கையில் பூசியது போய்விடும். கைதான் பூச்சியின் முதல் இருப்பிடம் என்பதால் உடனே மறுபடி பூசிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். முதல்முறை தப்பிய முட்டைகளிலிருந்து வந்தவை அப்போது அகப்படும்.

ஒரு பெரியவருக்கு ஒருமுறை முழு உடம்புக்கும் ஏறக்குறைய 30 கிராம் களிம்பு வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, இரண்டு முறைக்கும் சேர்த்து, எத்தனை குழாய்கள் ஆகும் என்று கணக்கிட்டால், ஒரே ஒரு குழாயைக் கையில் கொடுத்து "எல்லாரும் போட்டுக்குங்க" என்று அனுப்புவதன் பொருளின்மை புரியும். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அந்த ஒரு குழாயைப் புண் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் சிக்கனமாகத் தடவி முடித்துவிடுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

துணிமணி விஷயத்தில் பயம் தேவையில்லை, கவனம் போதும். உடம்பை விட்டு விலகிய பூச்சி பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிர் வாழாது. கடைசி மூன்று நாட்களில் உடுத்தியதையும் விரித்ததையும் வெந்நீரில் துவைத்து நம் ஊர் வெயிலில் காயப்போட்டால் போதும். துவைக்க முடியாததை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். ஒன்று மட்டும் இதற்கு விலக்கு. எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களிடமும் தள்ளாத முதியவர்களிடமும் சில சமயம் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் கடும் வகை வரும். அதில் பூச்சிகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கைத் தாண்டும்; அரிப்போ குறைவாகவே இருக்கலாம். அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து உதிரும் செதில் வழியாகப் படுக்கை, நாற்காலி என்று எதிலிருந்தும் தொற்றும். ஒரு வார்டு முழுக்கச் செவிலியர்களுக்கும் பரவிவிடும். அங்கே தனிப்படுத்தலும் தீவிர சிகிச்சையும் தேவை.

மருந்துக் கடையில் அரிப்புக்கு என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பூசிய மறுநாள் அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். பூச்சி ஒன்றுகூடச் சாகாது. ஒவ்வாமை அடக்கப்பட்டதால் நோய் அடையாளம் தெரியாமல் உருமாறி, வழக்கமில்லாத இடங்களுக்குப் பரவி, வீட்டில் மற்றவர்களுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே எங்களிடம் வருகிறது. குப்பைமேனி இலையை மஞ்சளும் உப்பும் வைத்து அரைத்துப் பூசுவோரும் உண்டு. அதில் ஆறுதல் கண்டவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் புண்ணாகிய தோலில் உப்பு எரிச்சலைக் கூட்டும், அதையே நம்பி வாரக்கணக்கில் கடத்தினால் இருக்கும் பூச்சி பெருகும் என்று சொல்லிவிடுவேன்.

வெறும் அரிப்புத்தானே என்று இதை விட்டுவிட முடியாததற்குச் சிறுநீரகம் ஒரு காரணம். சொறிந்த நகம் தோலைக் கீறுகிறது. அந்தக் கீறலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி நுழைந்து சீழ்க் கொப்புளமாக மாறுகிறது. அந்தக் கிருமியின் சில வகைகளுக்கு எதிராக உடம்பு நடத்தும் போராட்டம் சிறுநீரகத்தைத் தாக்கும். புண் வந்த சில வாரங்கள் கழித்து, அது ஆறிய நிலையில்கூட, காலையில் எழுந்த பிள்ளையின் கண் இமை வீங்கியிருக்கிறது, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது என்று தாய் ஓடி வருவார். இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள்; எல்லோரும் அல்ல. விரல் இடுக்கில் தொடங்கிய ஒன்று சிறுநீரகம் வரை வந்திருக்கிறது என்பதை அந்த நேரத்தில் ஒரு பெற்றோருக்கு விளக்குவது கடினம்.

உலக அளவில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கும் மேற்பட்டோரிடம் இருக்கும் இந்த நோயை, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்தது 2017இல்தான். அதற்குச் சற்று முன்பு ஃபிஜித் தீவுகளில் நடந்த ஓர் ஆய்வு, ஆளுக்கு ஆள் மருத்துவம் பார்ப்பதற்கும் ஊருக்கே சேர்த்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியில் நோயுள்ளவருக்கும் அவரோடு நெருங்கியிருந்தவர்களுக்கும் மட்டும் வழக்கம்போல் களிம்பு கொடுத்தார்கள். ஓராண்டில் அங்கே நோய் 36.6 விழுக்காட்டிலிருந்து 18.8க்குக் குறைந்தது. இன்னொரு பகுதியில் எல்லோருக்கும் பெர்மெத்ரின் கொடுத்தார்கள்; 41.7 விழுக்காடு 15.8 ஆயிற்று. மூன்றாவது பகுதியில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள், 32.1 விழுக்காடு 1.9க்கு இறங்கியது. சீழ்ப் புண்களும் அங்கே மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. அந்த முடிவுகள் வெளியான 2015ஆம் ஆண்டில்தான் ஐவர்மெக்டினுக்கு அடிப்படை அமைத்த சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாத்திரையின் வெற்றியில் பெரும்பங்கு, அதை ஒருவர் கண் முன்னே விழுங்க வைக்க முடிகிறது என்பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை, அவர்களுக்குக் களிம்புதான்.

நம் மாணவர் விடுதிகளுக்கு இது அப்படியே பொருந்தும். மார்கழிக் குளிரில் இரண்டு பாய்களைச் சேர்த்துப் போட்டு, மூன்று போர்வைகளை ஐந்து பிள்ளைகள் பகிர்ந்துகொண்டு படுக்கும் கூடங்களைப் பார்த்திருக்கிறேன். அரிப்பு வெளியே தெரிந்த ஒரு மாணவனைக் கடைசி வரிசையில் தனியே உட்கார வைப்பதும், குணமானால் வா என்று ஊருக்கு அனுப்பிவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. முதல்முறை மருந்து முறையாகப் பூசிக் குளித்த மறுநாளே அவன் வகுப்புக்கு வரலாம். ஒதுக்கி வைப்பதால் அவன் பக்கத்தில் படுத்திருந்த, இன்னும் அரிக்கத் தொடங்காத பிள்ளைகள் குணமாகிவிடப் போவதில்லை. அவமானத்துக்கு அஞ்சி அடுத்த மாணவன் தன் அரிப்பை மறைப்பதுதான் நடக்கும். ஒரு விடுதியின் காப்பாளர் இதைப் புரிந்துகொண்டு, சமையல்காரர் உட்பட எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுக்க இசைந்தார். இரண்டாம் முறையையும் விடாமல் செய்தோம். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்கு அரிப்பு நீடிக்கும், அது மருந்து தோற்றதன் அடையாளம் அல்ல, புதுக் கொப்புளம் வருகிறதா என்பதை மட்டும் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாரும் மிரண்டு ஸ்டீராய்டு களிம்பைத் தேடிப் போகவில்லை. அந்தப் பருவம் முழுவதும் கூடம் அமைதியாக இருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியபோது, சிலருடைய விரல் இடுக்கில் மறுபடியும் புதுக் கொப்புளங்கள் தெரிந்தன. வீட்டில் தம்பி தங்கைகளோடு படுத்து எழுந்து வந்திருக்கிறார்கள். அங்கே யாருக்கும் மருந்து போகவில்லை. விடுதி திறக்கும் முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒருமுறை, நோய் கண்டவர்களுக்கு மீண்டும் ஒருமுறை என்பதை ஆண்டுதோறும் நடைமுறையாக்க வேண்டும் என்று அதன் பிறகு கூட்டங்களில் கேட்டு வருகிறேன். சிரங்கு கண்ட பிள்ளை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அவன் வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு, அத்தனை பேருக்கும் இரண்டு முறைக்கு வேண்டிய மருந்தை அவன் பையில் வைத்து அனுப்ப வேண்டும் என்பதும் அதே கோரிக்கையின் ஒரு பகுதி.